துப்பறியும் நாடகத்தின் முகப்பெழுத்து

சினிமாக் கொட்டகைக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறவர்கள் வாசலில் நிற்பவரைக் கேட்கும் முதற் கேள்வி, ‘எழுத்துப் போட்டாகிவிட்டதா?’ என்பதே. எழுத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்துவிட்டால் மனத்துக்கு ஆறுதல். கதையில் ஒன்றும் தவறிவிடவில்லை என்ற திருப்தி. எழுத்து வேறு, கதை வேறு என்பது நம்மவரின் நெடுநாளைய அபிப்பிராயம். சிலர் அந்த இரண்டு நிமிஷத்தை முறுக்கு வாங்குவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தனர். மற்ற வகைப் படங்களைப் பற்றி எப்படியாயினும், கொலையையும் களவையும் துப்புத் துலக்குவதையும் பொருளாகக் கொண்ட நாடகங்களுக்கு இந்த அபிப்பிராயம் பொருந்தாது. அங்கே எழுத்து ஓடும்போதே கதையும் தொடங்கிவிடுகிறது.

இத்தகைய நாடகத்துக்கு முகப்பெழுத்து அமைப்பவனுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. காதல் கதைக்கு முகப்பு அமைப்பவன் காதலர் இருவரையும் காட்டிவிடலாம். புராணக் கதைக்குக் கடவுளைக் காட்டலாம். கொலைக் கதைக்கு எதைக் காட்டுவது? வரப்போவது இன்னதென்று உணர்த்தாவிட்டால் முகப்பு வீண். உணர்த்துவதில் ஓர் அணு மிகுந்தாலும் மர்மம் வீண். உண்மையைச் சொல்லவும் வேண்டும், அதை மறைக்கவும் வேண்டும். இந்த இரண்டு கடமைகளையும் ஒன்றரை நிமிஷத்துக்குள், இருபது பேரின் பெயர்களையும் தெளிவாகப் படிக்கக் கொடுத்துக்கொண்டே நிறைவேற்றியாக வேண்டும். இதை எவ்வாறு செய்கிறார்கள் என்பதை நேயர்களுக்கு விளக்குவதே நமது நோக்கம்.

வானொலியில் இந்தச் சங்கடத்துக்கு எளிய வழி இருந்தது. அமெரிக்க வானொலியில் 1949-ஆம் ஆண்டு தொடங்கிய ‘டிராக்னெட்’ என்னும் போலீஸ் நாடகம், நான்கே ஸ்வரங்களில் அமைந்த ஒரு முழக்கத்தால் தன்னை அறிவித்துக்கொண்டது. உடனே அறிவிப்பாளர், கேட்கப்போவது உண்மையில் நடந்தது, குற்றமற்றவர்களைக் காக்கும் பொருட்டுப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுவார். அவ்வளவுதான். 1951-இல் அது டெலிவிஷனுக்குப் போனபோதும் அந்த நான்கு ஸ்வரங்கள் கூடவே சென்றன. கேட்பவன் காதுக்கு ஒரு கதவு திறக்கும் ஓசை போல அது அமைந்துவிட்டது. கண்ணுக்கு அத்தகைய கதவு ஒன்றைச் செய்து கொடுத்தவர் சால் பாஸ் என்பவர்.

சால் பாஸ் (1920 - 1996) நியூயார்க்கில் பிறந்த விளம்பர ஓவியர். அவர் காலம் வரையில் ஹாலிவுட்டில் முகப்பெழுத்து என்பது பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான். பல கொட்டகைகளில் எழுத்து ஓடி முடிகிற சமயத்தில்தான் திரைச்சீலையையே விலக்குவார்களாம். ஆட்டோ பிரெமிஞ்சர் என்னும் இயக்குநர் 1955-இல் எடுத்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்தில் போதைமருந்துக்கு அடிமையான ஒருவனின் கதை வருகிறது. பாஸ் அதற்குக் கறுப்புத் திரையில் சில வெள்ளைக் கோடுகளை மட்டும் நகர விட்டார். கோடுகள் நீண்டன, குறுகின, ஒன்றையொன்று நெருக்கின. கடைசியில் அவை வளைந்து முறுகிய ஒரு கையாக உருக்கொண்டன. இந்தப் படத்தின் ரீல் பெட்டிகளுடன், ‘திரைச்சீலையை முழுவதும் விலக்கிய பின்னரே எழுத்தை ஓட்டுக’ என்னும் கருத்துள்ள ஒரு குறிப்பும் அனுப்பப்பட்டதாகச் சொல்லுவதுண்டு.

ஆயினும் நமது பொருளுக்கு அதைவிட நேரான உதாரணம், அதே இருவரும் சேர்ந்து 1959-இல் அளித்த ‘அனாடமி ஆப் எ மர்டர்’. ‘ஒரு கொலையின் உடற்கூறு’ என்று தமிழில் சொல்லலாம். மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கில் எதிரித் தரப்பு வக்கீலாக வாதாடி, பின்னர் அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்த ஜான் வோல்கர் என்பவர், புனைபெயரில் எழுதிய நாவலே படத்துக்கு மூலம். ஒருவன் மற்றொருவனைச் சுட்டுக் கொன்றான், அதில் சந்தேகமில்லை. அவன் எந்த மனநிலையில் சுட்டான் என்பதே வழக்கு. கொலை நிகழ்வதைப் படம் ஓரிடத்திலும் காட்டுவதில்லை. நீதிமன்றத்தில் வக்கீல்களும் சாட்சிகளும் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்து வைக்கிறார்கள். நாம் பார்ப்பது அவ்வளவே.

இந்தப் படத்துக்கு முகப்பாகப் பாஸ் செய்ததென்ன? சாம்பல் நிறப் பின்னணியில், கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற ஒரு மனித உருவம். அதன் கை வேறு, கால் வேறு, தலை வேறு. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே வந்து நிற்க, ஒவ்வொரு பெயர் அதனருகே தோன்றி மறைகிறது. டியூக் எல்லிங்டனின் ஜாஸ் இசை எங்கே அடி வைக்கிறதோ அங்கே உறுப்புக்களும் இடம் மாறுகின்றன. பார்ப்பவன் இதை ஒரு பிணத்தின் சித்திரம் என்று எண்ணிக்கொள்கிறான். அது சரியே. ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் வழக்கு முடிந்து வெளியே வரும்போதுதான், பிரித்து வைக்கப்பட்டது பிணம் மாத்திரமல்ல, உண்மையே என்று அவனுக்குத் தோன்றும். முழு உருவமாக ஒட்ட வைத்தாலும் இடையிடையே வெட்டு தெரிகிறதல்லவா? கதையின் கருத்து முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது. இரகசியத்தில் ஒரு சொல்லும் வெளிப்படவில்லை. நம்முடைய எண்ணத்தில், குற்ற நாடக முகப்புக்களில் இதற்கு மிஞ்சியது இன்றுவரை வந்ததில்லை.

ஹிட்ச்காக்கின் மூன்று படங்களுக்கும் பாஸ் முகப்பு அமைத்தார். 1958-இல் வந்த ‘வெர்ட்டிகோ’வில் ஒரு பெண்ணின் உதடு, பின் கண், அந்தக் கண்ணுக்குள்ளிருந்து சுழன்று வரும் சுருள்கள். இந்தச் சுருள்களை வரைவதற்கு ஜான் விட்னி என்பவர், போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறி பார்க்க உதவிய கணக்கு யந்திரத்தைப் பயன்படுத்தினார் என்பது ஒரு விநோதம். 1960-இல் வந்த ‘சைக்கோ’வில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்து பெயர்களை வெட்டுகின்றன. எழுத்தே பிளந்துபோகிறது; தந்தி வாத்தியங்கள் மட்டுமே கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசை அந்த வெட்டுக்கு ஒலி கொடுக்கிறது. பிளவுபட்ட மனம் ஒன்று வரப்போகிறது என்பதற்கு வேறு முன்னறிவிப்பு வேண்டியதில்லை.

இனி, தொழிலின் உட்புறத்தைச் சிறிது பார்ப்போம். முகப்பு அமைப்பவனுக்கு முதலில் கைக்கு வருவன இரண்டு: கதை வசனப் பிரதி ஒன்று, பெயர்ப் பட்டியல் ஒன்று. பட்டியலைத் தன் இஷ்டப்படி மாற்ற அவனுக்கு உரிமை இல்லை. யார் பெயர் முன், யார் பெயர் தனிக் கார்டில், எந்தப் பெயர் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. முகப்பில் இயக்குநரின் பெயர் கடைசியாக வரவேண்டும் என்பது அமெரிக்க இயக்குநர் சங்கத்தின் விதி. நம் நாட்டுப் படங்களிலும் அதுவே வழக்கம். ஆகவே அவன் சுதந்திரம் முழுவதும் காலத்திலும் சித்திரத்திலும் அடங்கியிருக்கிறது.

காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். 90 விநாடி முகப்பு என்றால் 2,160 படங்கள். தொடக்கத்தில் பெயரின்றி ஒரு 10 விநாடி, நாடகத்தின் பெயருக்கு ஒரு 8 விநாடி ஒதுக்கினால் மீதி 72 விநாடி. பதினெட்டுக் கார்டுகள் இருந்தால் ஒன்றுக்கு 4 விநாடி, அதாவது 96 படங்கள். எழுத்து மெல்லத் தோன்றுவதற்கு 12 படங்களும் மறைவதற்கு 12 படங்களும் போனால், வாசிப்பவனுக்குக் கிடைப்பது 72 படங்கள், சரியாக மூன்று விநாடி. இந்த மூன்று விநாடியில் அவன் பெயரையும் படிக்க வேண்டும், பின்னால் நிகழும் சித்திரத்தையும் காண வேண்டும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒருங்கே ஆகாது. எனவே தேர்ந்த படத்தொகுப்பாளர், பெயர் நிற்கும்போது சித்திரத்தை அடக்குவார். சித்திரம் துள்ளும்போது பெயரை எடுத்துவிடுவார். அடுத்த பெயர், கண் ஏற்கெனவே எந்த மூலையில் இருக்கிறதோ அதற்கு அருகிலேயே பிறக்கும். பழைய டெலிவிஷன் பெட்டிகள் படத்தின் ஓரங்களை மறைத்துவிடும். ஆகையால் எழுத்தைத் திரையின் நடுவே ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்குக்குள் அடக்கி வைப்பதும் ஒரு விதியாக இருந்தது.

பெயர்ப் பட்டியலே கொலையாளியைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது பலருக்குத் தோன்றாத விஷயம். பிரசித்தி பெற்ற நடிகர் ஒருவரின் பெயர் எழுத்தில் வருகிறது. ஒரு மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. அல்லது சாதாரணத் தோட்டக்காரனாக வந்து ஒரே வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன்கூட, ‘இவன்தான் கொலைகாரன்’ என்று சொல்லிவிடுவான், சொல்லியும் இருக்கிறான்! 1995-இல் டேவிட் பிஞ்சர் இயக்கிய ‘செவன்’ என்னும் படத்தில் இதற்கு நேரடியான பரிகாரம் தேடினார்கள். கொலையாளியாக நடித்தவரின் பெயரை முகப்பிலிருந்து அறவே நீக்கிவிட்டனர். படம் முடிந்த பிறகு ஓடும் எழுத்தில் அவர் பெயரை முதலாவதாக வைத்தனர். அந்த இறுதி எழுத்தும் வழக்கம்போல் கீழிருந்து மேலே ஏறாமல், மேலிருந்து கீழே இறங்குகிறது.

அதே படத்தின் முகப்பை அமைத்தவர் கைல் கூப்பர். ஒரு மனிதனின் விரல்கள் மட்டுமே தெரிகின்றன. அவன் சவரக் கத்தியால் விரல் நுனித் தோலைச் சீவுகிறான், நோட்டுப் புத்தகத்தின் தாள்களை ஊசி நூலால் தைக்கிறான், பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறான், அச்சிட்ட வரிகளைக் கறுப்பு மையால் அழிக்கிறான். பெயர்களும் கையால் கீறப்பட்டவை, நடுக்கத்துடன் தாவுகின்றன. யாருடைய கை என்று நமக்குத் தெரியாது. தோலை ஏன் சீவினான் என்பதும் அப்போது விளங்காது. படத்தில் கொலையாளி நேரில் தோன்றுவது மிகவும் பிந்தியே. ஆனால் அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்னும் அச்சம் நடுவிலுள்ள காட்சிகள் முழுவதிலும் நம்மை விட்டு நீங்குவதில்லை. இதைத் தொகுத்த ஆங்கஸ் வால், வெட்டுக்களை வழக்கமான தாளத்துக்கு ஒத்து வைக்காமல், சில படங்களே கொண்ட துணுக்குகளைத் தாறுமாறாகச் செருகியிருக்கிறார். தாறுமாறு என்று சொன்னோம். உண்மையில் ஒவ்வொன்றும் எண்ணி வைத்தது. ஒழுங்கற்றது போன்ற தோற்றத்தை உண்டாக்க எத்தனை ஒழுங்கு வேண்டியிருக்கிறது!

சினிமாவை ஒரு முறை பார்ப்போம். தொடர் நாடகத்தின் முகப்பையோ எட்டு முறை, பத்து முறை பார்க்க நேருகிறது. இந்த வேறுபாடு அமைப்பையே மாற்றிவிடுகிறது. முதல் வாரம் அழகாக மட்டும் தெரிந்த சித்திரம், நான்காம் வாரம் அர்த்தமுள்ளதாகவும், எட்டாம் வாரம் திகிலூட்டுவதாகவும் வளர வேண்டும். 2014-இல் வெளிவந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடருக்கு ஆஸ்திரேலியரான பாட்ரிக் கிளேர் அமைத்த முகப்பு இதற்கு நல்ல உதாரணம். அவ்வாண்டு எம்மி பரிசும் பெற்றது. கதை லூயிஸியானா மாநிலத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் சதுப்பு நிலமும் கலந்த பிரதேசத்தில் நடக்கிறது. முகப்பில் துப்பறிவோரின் முகங்களைக் காட்டுகிறார்கள். ஆனால் முகம் முழுமையாக இல்லை. ஒரே படத்தில் இருமுறை ஒளி பாய்ச்சும் பழைய போட்டோ முறைப்படி, முகத்தின் நிழலுக்குள் புகைபோக்கிகளும் நெடுஞ்சாலைகளும் தெரிகின்றன. அந்தப் பிரதேசத்தின் மாசுபட்ட நிலக்காட்சிகளைப் படம் பிடித்த ரிச்சர்ட் மிஸ்ராக்கின் போட்டோக்களிலிருந்து இந்தக் கற்பனை பிறந்தது. மனிதர்களுக்கு உள்ளே ஊர் இருக்கிறது. ஊருக்கு உள்ளே நஞ்சு இருக்கிறது. குற்றவாளி யார் என்று சொல்லாமலே, குற்றம் எங்கே விளைந்தது என்று சொல்லிவிடுகிறது.

பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதைமருந்து வியாபாரத்தையும் பற்றிய ‘தி ஒயர்’ (2002 - 2008) வேறு வழியில் சென்றது. ஐந்து பருவங்களுக்கும் ஒரே பாட்டு; ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் வேறொருவர் பாடியது. துறைமுகம், அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று கதை நகர நகர முகப்பின் துணுக்குக் காட்சிகளும் மாறின. முக்கிய நடிகர்களின் முகங்களை அனேகமாக ஒதுக்கிவிட்டு, கைகள், தொலைபேசிகள், கம்பிகள் இவற்றையே காட்டினர். மாறாது நின்றது ஒரு காட்சி: கண்காணிக்கும் காமிராவின் மீது ஒரு பையன் எறியும் கல்லும், அதனால் சிதறும் கண்ணாடியும்.

நடப்புலகம் முகப்பைத் திருத்தி எழுதியதும் உண்டு. ‘தி சொப்ரானோஸ்’ தொடர் 1999-இல் தொடங்கியபோது, கொள்ளைக் கூட்டத் தலைவன் நியூயார்க்கை விட்டு நியூஜெர்சியிலுள்ள தன் வீட்டுக்குக் காரோட்டிச் செல்வதே முகப்பு. காரின் கண்ணாடியில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிந்தன. 2001 செப்டம்பர் 11-இல் அவை தகர்ந்தபின், 2002-இல் வந்த நான்காம் பருவத்திலிருந்து அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். மீதி வழி அப்படியே இருந்தது.

நம் தேசத்தில் இந்தக் கலைக்கு வேர் இல்லாமல் இல்லை. சத்யஜித் ராய், இயக்குநர் ஆவதற்கு முன்பு கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்னும் விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்தவர். தம் படங்களின் எழுத்தைத் தாமே வடிவமைக்கும் பழக்கமுடையவர். ‘சோனார் கேல்லா’ (1974), ‘ஜய் பாபா பெலுநாத்’ (1979) முதலிய துப்பறியும் படங்களையும் அளித்தார். வங்காளி எழுத்தின் நெளிவை அறிந்த கை அது.

இந்த இடத்தில் தமிழெழுத்தைப் பற்றிச் சற்றே நின்று பேச வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் கவலை அதிகம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் ஒரே உயரம். அவற்றை ஒவ்வொன்றாக வர விடலாம், விலக்கி நிறுத்தலாம், குறுக்கே வெட்டலாம். அந்த உத்தியை அப்படியே தமிழில் செய்தால் என்ன ஆகும்? ‘கொலை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து இரண்டே, ஆனால் கண்ணுக்குத் தெரியும் உருவங்கள் ஐந்து: கொம்பு, ககரம், கால், இணைக்கொம்பு, லகரம். ஆங்கிலத்துக்கென அமைந்த முறையில் ஒவ்வொன்றாக வரவிட்டால், முதலில் திரையில் தனியாக நிற்பது ஒரு கொம்பு! அதை யாரால் படிக்க முடியும்? ‘சைக்கோ’ பாணியில் எழுத்தின் தலையைச் சீவினால் புள்ளி போய்விடும். புள்ளி போனால் ‘துப்பு’, ‘துபபு’ ஆகும். சின்ன எழுத்தாகப் போட்டால் கைத்தொலைபேசியில் புள்ளி தூசி போல மறையும். தமிழில் முகப்பு செய்கிறவர்கள் அசையையே அலகாகக் கொண்டு நகர்த்த வேண்டும். மேலே புள்ளிக்கும் கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டு வரி அமைக்க வேண்டும்.

மற்றொன்று: 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ‘லை’, ‘ணை’, ‘னை’ முதலியவற்றைத் தும்பிக்கை போன்ற வளைவுடன் சேர்த்து எழுதினோம். 1950-களில் நடக்கும் குற்றக் கதைக்குப் பழைய தோற்றம் கொடுக்க விரும்பி, தெரு விளக்கையும் குதிரை வண்டியையும் பாடுபட்டுத் தேடிப்பிடித்துவிட்டு, முகப்பில் புது ‘லை’யைப் போட்டால், அந்நாளில் அகரம் படித்தவர் அங்கேயே சிரித்துவிடுவார்.

டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் இப்போது அயல்நாட்டுக் குற்றத் தொடர்கள் தமிழ்க் குரலோடு வருகின்றன. குழந்தைகள் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பெரும்பாலும் காதால் வருவது. முகப்பெழுத்து ஆங்கிலத்திலேயே இருந்துவிடுகிறது. இதன்மேல் 2017-இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் முகப்பைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானை ஏற்படுத்தியது. உலகெங்கும் நாளொன்றுக்கு 13.6 கோடி தடவை அது அழுத்தப்படுவதாக 2022-இல் அந்நிறுவனமே தெரிவித்தது. பத்தாவது முறை பார்ப்பவனை நாம் குறை சொல்லமாட்டோம். முதல் முறையே தாண்டுகிறவன், துப்பறியும் கதையில் முதல் துப்பைத் தாண்டிவிடுகிறான் என்பதை மட்டும் அறிந்திருத்தல் நலம்.

தமிழ்க் குரல் கொடுத்தவர்களின் பெயர்களோ, பெரும்பாலும் முகப்பில் இல்லை. எல்லா எழுத்தும் ஓடித் தீர்ந்த பின்னர், கடைசிக் கார்டாக வருகின்றன. அதற்குள் படம் ஒரு மூலைக்குச் சுருங்கி, சில விநாடியில் அடுத்த பகுதி தொடங்கிவிடும். சுருங்கும் அந்த வேளையில் திரையில், இறுதி எழுத்தைக் காண்பதற்கென்று ஒரு பொத்தான் தோன்றும். அதை அழுத்தினால் படம் மீண்டும் விரிந்து, அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரக் காணலாம்.